சொல்லிவிட்டுப் போங்கள்

முழு ஆண்டுத் தேர்வு முடிந்து பள்ளிக்கூடம் பூட்டுகிற சமயத்தில் ஒரு ரகக் கடிதம் எனக்கு வரும். தத்தெடுத்த வீடுகளிலிருந்தும், ஃபாஸ்டர் கேர் என்கிற வளர்ப்புப் பராமரிப்பில் பிள்ளைகளை வைத்திருக்கும் வீடுகளிலிருந்தும் வருபவை. "நல்லாத்தான் இருந்தான், திடீர்னு என்ன ஆச்சுன்னே தெரியலை" என்று ஆரம்பிக்கும். அடுத்த பக்கத்தைப் புரட்டினால் அங்கே ஏதோ ஒன்று முடிந்திருக்கும். வகுப்பு முடிந்திருக்கும், விடுமுறை முடிந்திருக்கும், பக்கத்து வீட்டுக்காரர்கள் காலி செய்துகொண்டு போயிருப்பார்கள். தத்து மையத்தில் சமூகப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் இந்தக் கடிதங்களையெல்லாம் பத்திரிகை ஆசிரியர் என் பக்கம் தள்ளிவிடுகிறார். இந்த முறை முழுக்க அவைதான். ஊர் மட்டும் போட்டிருக்கிறேன். பராமரிப்பில் இருக்கும் குழந்தையைப் பத்திரிகையில் அடையாளம் காட்டுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவுப்படி குற்றம். அதனால் பெயரைக் கேட்டு யாரும் கடிதம் போட வேண்டாம்.

ஒரு வாசகி, ஈரோடு: எங்கள் மகளை நாலு வயதில் தத்தெடுத்தோம். இப்போது ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. வகுப்பு டீச்சர் என்றால் அவளுக்கு உயிர். ஆனால் மார்ச் கடைசியிலிருந்து ஆளே மாறிவிட்டாள். டீச்சர் ஸ்டார் ஒட்டிக் கொடுத்த நோட்டைக் கிழித்துப் போட்டாள். கடைசி நாள் வகுப்பில் கேக் வெட்டி ஃபோட்டோ எடுத்தார்களாம். டீச்சர் கட்டிப்பிடிக்கப் போனபோது அவர் கையைக் கடித்துவிட்டாள். பள்ளியிலிருந்து கூப்பிட்டுச் சொன்னபோது கூனிக் குறுகிப் போனேன். என் மாமியார் "ரத்தம் அப்படி" என்கிறார். அப்படித்தானா மேடம்?

முதலில் மாமியாருக்கு: ஏழு வயதில் டீச்சரைக் கடிக்க எந்த ரத்தமும் தேவையில்லை. சொந்தப் பேரப்பிள்ளைகளும் கடிப்பார்கள். அவர் மறந்திருப்பார்.

இப்போது உங்களுக்கு. உங்கள் மகள் நாலு வயதுக்குள் யார் யாரைப் பிரிந்தாள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பெற்றவள். மையத்தில் பகல் ஷிஃப்ட் ஆயாம்மா, ராத்திரி ஷிஃப்ட் ஆயாம்மா. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த பிள்ளை. பிறகு ஒரு நாள் அவளுக்குப் புது கவுன் போட்டுவிட்டார்கள். கேக் வெட்டினார்கள். எல்லாரும் சிரித்துக்கொண்டே கட்டிப்பிடித்தார்கள், ஃபோட்டோ எடுத்தார்கள். பெரும்பாலான மையங்களில் வழியனுப்புவது இப்படித்தான். அன்று மதியத்தோடு அவளுக்குத் தெரிந்த முகங்கள் அத்தனையும் போயின. உங்களுக்கு அது வாழ்க்கையின் பெரிய நாள், அதில் தப்பில்லை. ஆனால் அவள் உடம்பு அந்த நாளை வேறு மாதிரிக் குறித்து வைத்திருக்கிறது. இத்தனை வருடம் கழித்து வகுப்பில் கேக், கேமரா, கட்டிப்பிடிக்க வருகிற டீச்சர். அடுத்து என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்துவிட்டாள்.

நோட்டைக் கிழித்ததும் அதில் சேர்ந்ததுதான். எப்படியும் போகப் போகிறவரை நாமே முந்திக்கொண்டு தள்ளிவிட்டால் வலி கொஞ்சம் குறைவு. பெரியவர்களும் இதைச் செய்கிறோம். ஊருக்குக் கிளம்புகிற அன்றைக்குத்தான் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை வருகிறது, கவனித்திருக்கிறீர்களா?

சரி, செய்ய வேண்டியது. மாணவர்களுக்கு விடுமுறை விட்டாலும் ஆசிரியர்கள் சில நாள் பள்ளிக்கு வருவார்கள். டீச்சரிடம் ஃபோனில் பேசி, கூட்டம் இல்லாத நேரத்தில் அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள். வாசலில் நிறுத்தி "சாரி சொல்லு, சாரி சொல்லு" என்று பிடுங்காதீர்கள். படம் வரைந்து எடுத்துப் போகட்டும், அது போதும். டீச்சரிடம் முன்கூட்டியே நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது, மூன்று விஷயங்களை அவர் தன் வாயால் சொல்ல வேண்டும் என்பது. அடுத்த வருஷமும் நான் இதே வகுப்பறையில்தான் இருப்பேன். நீ மூன்றாம் வகுப்புக்குப் போவது நீ ஏதோ தப்பு செய்ததால் இல்லை, எல்லாரும் போகிறார்கள். கை ஆறிவிட்டது, எனக்குக் கோபமில்லை. அப்புறம் அவளை அந்த வகுப்பறையை ஒரு சுற்றுச் சுற்றி வரச் சொல்லுங்கள். தன் இடத்தைத் தொட்டுப் பார்க்கட்டும். முடிந்தால் அன்றைக்கே மூன்றாம் வகுப்பு அறையையும், ஆளைத் தெரிந்தால் அந்த டீச்சரையும் காட்டிவிடுங்கள்.

அடுத்த மார்ச்சுக்கு இப்போதே ஒரு யோசனை. ஹாலில் தினசரி காலண்டர் மாட்டியிருப்பீர்கள்தானே, ராகு காலம் எமகண்டம் போட்டது? பள்ளி முடிய இரண்டு வாரம் இருக்கும்போது, கடைசி நாள் தாளின் முனையை அவள் கையாலேயே மடிக்கச் சொல்லுங்கள். தினமும் காலையில் தாளைக் கிழிப்பது அவள் வேலை. மடித்த முனை கிட்டே வர வர அவள் கேள்விகள் கேட்பாள். சில நாள் கிழிக்க மாட்டேன் என்பாள். கிழிக்காமல் விடுங்கள், மறுநாள் இரண்டு தாளாகச் சேர்த்துக் கிழித்துக்கொள்ளலாம். ஐந்து வயதுக்குக் கீழே என்றால் இரண்டு மூன்று நாள் முன்னால் சொன்னால் போதும். மாதக்கணக்கில் முன்னால் சொன்னால் அந்த மாதம் முழுக்கத் தூக்கம் போய்விடும்.

கிழித்த நோட்டைக் குப்பையில் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். தாள்களை ஒரு கவரில் போட்டு வையுங்கள். ஒட்டித் தர வேண்டாம். ஒரு நாள் அவளே செலோடேப் கேட்டு வருவாள்.

ஒரு வாசகி, நாகர்கோவில்: பத்து வயதுப் பையன் எங்களிடம் ஃபாஸ்டரில் வந்து ஒன்றே முக்கால் வருடம் ஆகிறது. அவன் அம்மாவுக்கு அப்போது உடல்நிலை ரொம்ப மோசம். இப்போது தேறி, திருநெல்வேலியில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை பார்க்கிறார். பையனை அவரிடம் அனுப்ப குழந்தைகள் நலக் குழு முடிவு செய்துவிட்டது. ஜூன் மாதம் போக வேண்டும். "முன்னாடியே சொன்னா அழுவான். லீவுக்குக் கூட்டிட்டுப் போற மாதிரி கூட்டிட்டுப் போய் விட்டுட்டு வந்திருங்க" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். என் கணவர் ஞாயிற்றுக்கிழமைகளில் அவனைச் சங்குத்துறை கடற்கரைக்குக் கூட்டிப் போவார். முடிவு தெரிந்ததிலிருந்து அதையும் நிறுத்திவிட்டார், பேச்சையும் குறைத்துவிட்டார். இன்னொன்று. இரண்டு வருடம் வைத்திருந்தால் தத்தெடுக்கலாம் என்று சட்டம் மாறியிருக்கிறதாமே. மூன்று மாதம் தள்ளிப்போட வழி உண்டா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உங்கள் மனசில் இருக்கும் வரை மற்றது எதுவும் ஏறாது. 2024-இல் வந்த புதிய வழிகாட்டு நெறிமுறையில் ஐந்து வருடம் என்று இருந்ததை இரண்டு வருடமாகக் குறைத்தது உண்மை. ஆனால் அது சட்டப்படி தத்துக்குத் தகுதி பெற்ற குழந்தைகளுக்கு. பெற்ற தாய் உயிரோடு இருந்து, பிள்ளை வேண்டும் என்று கேட்கிறபோது அந்தக் கணக்கு எடுபடாது. குழந்தையைச் சொந்தக் குடும்பத்தோடு சேர்க்கப் பார்ப்பதுதான் சட்டத்தின் முதல் நோக்கம். தள்ளிப்போடப் பார்க்காதீர்கள். நீங்கள் நாள் தள்ளியது பின்னாளில் அவனுக்குத் தெரிய வந்தால், அன்றோடு உங்களை அவன் வேறு கணக்கில் வைப்பான்.

லீவு என்று பொய் சொல்லி விட்டுவிட்டு வருவது கூடவே கூடாது. நம் ஊரில் இது பழைய பழக்கம். குழந்தைக்குப் பராக்குக் காட்டிவிட்டுக் கொல்லைப்புறமாக நழுவுவது. சாதாரண வீட்டில் பிள்ளை கொஞ்ச நேரம் அழுதுவிட்டு விளையாடப் போய்விடும், ஏனென்றால் சாயங்காலம் அம்மா வந்துவிடுவாள் என்று அதற்குத் தெரியும். உங்கள் பையனுக்கு அப்படியில்லை. அவனை ஒரு தடவை யாரோ ஒரு வண்டியில் ஏற்றி, சரியாக ஒன்றும் சொல்லாமல் உங்கள் வீட்டில் இறக்கியிருக்கிறார்கள். அதையே நீங்களும் செய்தால், இனி யார் "வா, வெளியே போகலாம்" என்று கூப்பிட்டாலும் அவன் வயிறு கலங்கும். அவன் அழுவான் என்பதற்காகச் சொல்லாமல் இருக்கிறோம் என்கிறோம். அவன் அழுவதைப் பார்க்க நமக்குத் தெம்பில்லை என்பதுதான் உள்ளே இருக்கும் சங்கதி.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து உங்களுக்கு ஒரு சமூகப் பணியாளர் வருவார் இல்லையா, அவரையும் வைத்துக்கொண்டு நீங்களும் உங்கள் கணவரும் சேர்ந்து சொல்லுங்கள். ராத்திரி படுக்கப் போகும்போது வேண்டாம். காலையில், வயிறு நிறைந்திருக்கும்போது. நீட்டி முழக்காமல் இப்படி: "அம்மாவுக்கு உடம்பு சரியாயிட்டு. நீ அம்மாகூட இருக்கலாம்னு கமிட்டியில சொல்லியிருக்காங்க. ஜூன்ல போகணும். நீ எதுவும் தப்பு செஞ்சதால இல்ல. எங்களுக்கு வருத்தமா இருக்கு, அம்மா தேறி வந்ததுல சந்தோஷமாவும் இருக்கு." அவ்வளவுதான். அவன் "சரி" என்று எழுந்து டிவி பார்க்கப் போனாலும் போவான். விடுங்கள். மூன்று நாள் கழித்து, சம்பந்தமே இல்லாமல் பல் தேய்க்கும்போது கேட்பான்: "என் சைக்கிள் என்னாகும்?"

அதற்குப் பதில் தயாராக இருக்கட்டும். அவனுக்கென்று வாங்கியதெல்லாம் அவனுடையது, போகும். சைக்கிளை எப்படி அனுப்புவது என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.

ஒரே நாளில் கொண்டு விடாமல், படிப்படியாகச் செய்ய முடியுமா என்று அலகில் கேளுங்கள். முதலில் அம்மா வந்து அரை நாள் உங்கள் வீட்டில் இருக்கட்டும். பிறகு அவன் ஒரு பகல் அங்கே. பிறகு ஓரிரவு. நாகர்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே ரயில் இருக்கிறது, பஸ் இருக்கிறது, கஷ்டமில்லை. அந்த அம்மா உங்கள் வீட்டில் சாப்பிட்டு, உங்களோடு சிரித்துப் பேசுவதை அவன் தன் கண்ணால் பார்க்க வேண்டும். இந்த வயதுப் பிள்ளைக்குப் பெரிய சங்கடம் என்னவென்றால், அம்மாவிடம் போக ஆசையாக இருக்கிறது என்று உங்களிடம் சொல்ல முடியாது, உங்களை விட்டு வரக் கஷ்டமாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்ல முடியாது. இரண்டு பெண்களும் ஒரே சோபாவில் உட்கார்ந்து காப்பி குடித்தால் பாதி சங்கடம் தீர்ந்தது.

சாமான் கட்டும்போது ஒரு வேண்டுகோள். ஜவுளிக்கடைக் கட்டைப்பைகளில் திணித்து அனுப்பாதீர்கள். ஜிப் வைத்த நல்ல பை ஒன்று வாங்கி, அவனையே அடுக்கச் சொல்லுங்கள். அவன் போர்த்திக்கொள்ளும் போர்வையைத் துவைக்காமல் அப்படியே வையுங்கள். உங்களுக்கு அது அழுக்கு. புது வீட்டில் முதல் ராத்திரி அவனுக்குப் பழகிய வாசனை அது ஒன்றுதான். ஃபோட்டோக்களை மொபைலோடு விடாமல் பிரிண்ட் போட்டு ஆல்பமாகக் கொடுங்கள். அதில் உங்கள் வீட்டு வாசல், அவன் கட்டில், தெருமுனைக் கடை, சங்குத்துறை எல்லாம் இருக்கட்டும். அம்மாவுக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் என்றால் தட்டு காலி, வகுத்தல் கணக்கு இன்னும் வராது, இடி இடித்தால் பயப்படுவான் ஆனால் காட்டிக்கொள்ள மாட்டான். பிள்ளையைத் திரும்ப வாங்குகிற அம்மாவுக்கு ஒன்றே முக்கால் வருஷம் விட்டுப்போயிருக்கிறது. நீங்கள் எழுதினால்தான் அவருக்குக் கிடைக்கும்.

பண விஷயம் ஒன்று. ஃபாஸ்டர் பராமரிப்புக்கு மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் வருகிறது. பையன் போனால் அது நின்றுவிடும். ஆனால் அதே திட்டத்தில் ஸ்பான்சர்ஷிப் என்கிற நிதி ஆதரவும் இருக்கிறது, அதுவும் மாதம் 4,000 ரூபாய். சொந்தக் குடும்பத்துக்குத் திரும்புகிற பிள்ளைகளுக்கும் அதைக் கேட்கலாம். அந்த அம்மாவுக்குத் தகுதி இருக்கிறதா என்று அலகில் விசாரித்து, பையன் போவதற்கு முன்பே விண்ணப்பம் போட உதவுங்கள். ஹோட்டல் சம்பளத்தில் பத்து வயதுப் பையனை வளர்ப்பது லேசில்லை.

உங்கள் கணவரிடம் இதைக் காட்டுங்கள். ஐயா, நீங்கள் இப்போதே விலகிக்கொண்டால் பிறகு வலிக்காது என்று நினைக்கிறீர்கள். மேலே ஈரோட்டுப் பெண் நோட்டைக் கிழித்தாளே, அதே வேலைதான் இது. அவளுக்கு வயது ஏழு. ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுங்கள். கடைசியாகப் போகிற ஞாயிறு எது என்று அவனுக்கும் தெரிந்திருக்கட்டும். அன்றைக்கு என்ன செய்யலாம் என்று அவனே சொல்லட்டும். போன பிறகு ஃபோன் செய்வேன் என்று சொன்னால் சொன்ன கிழமையில் செய்யுங்கள். வாரம் ஒரு தடவை முடியாது என்றால் மாதம் ஒரு தடவை என்று சொல்லுங்கள். அதற்கும் அம்மாவின் சம்மதம் வேண்டும், கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு வாசகர், மதுரை: என் அம்மா எங்கள் தத்து மகனிடம் (5 வயது) விளையாட்டாக, "உன்னைத் தவிட்டுக்குத்தாண்டா வாங்கினோம்" என்பார். சேட்டை செய்தால் "வந்த இடத்துலயே கொண்டு விட்ருவேன்" என்பார். எங்களையும் அப்படிச் சொல்லித்தானே வளர்த்தார், இதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார்.

உங்களைச் சொன்னபோது நீங்கள் சிரித்தீர்கள், ஏனென்றால் அது பொய் என்று உங்களுக்குத் தெரியும். இவனுக்கு வந்த இடம் என்று நிஜமாகவே ஒன்று இருக்கிறது. அங்கே கேட் உண்டு, வாட்ச்மேன் உண்டு. பாட்டி சொன்னால் போக வேண்டியதுதான் என்று நம்புவான். உங்கள் அம்மா பிரியமானவர் என்று கடிதத்திலேயே தெரிகிறது. தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்து, நீங்களே சொல்லுங்கள், மருமகளை விட்டுச் சொல்ல வைக்காதீர்கள். அப்புறம் அவரே பையனிடம், "பாட்டி சும்மா சொன்னேன். நீ என்ன சேட்டை செஞ்சாலும் உன்னை எங்கேயும் விட மாட்டோம்" என்று சொல்ல வேண்டும். ஒரு தடவை போதாது. பூரிக்கட்டையால் டிவியை உடைத்த அன்றைக்கும் சொல்ல வேண்டும்.

ஒரு வாசகி, திருச்சி: என் மாமனார் போன மாதம் இறந்துவிட்டார். ஆறு வயதுத் தத்து மகனை அன்று என் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். "தாத்தா ஊருக்குப் போயிருக்கார்" என்று சொல்லி வைத்திருக்கிறோம். ஏற்கெனவே நிறைய இழந்த குழந்தை, இதுவும் வேண்டாமே என்று. இப்போது நாங்கள் ஆபீசுக்குக் கிளம்பினாலே வாசலில் படுத்து அழுகிறான்.

அழாமல் என்ன செய்வான் அம்மா? தாத்தா அவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஊருக்குப் போனார், செருப்பும் கண்ணாடியும் வீட்டில் இருக்கிறது, திரும்பி வரவில்லை. நீங்களும் தினமும் கிளம்புகிறீர்கள்.

இன்றைக்கே சொல்லிவிடுங்கள். "தாத்தா செத்துப் போயிட்டார். அவர் உடம்பு வேலை செய்யறது நின்னு போச்சு. இனி வர மாட்டார்." கேட்க முரட்டுத்தனமாக இருக்கும். ஆனால் "தூங்கிட்டார்" என்றால் தூங்கப் பயப்படுவான், "சாமி கூட்டிக்கிட்டார்" என்றால் கோயிலுக்கு வர மாட்டான். இந்த வயதில் செத்தவர் திரும்பி வருவதில்லை என்பதே இன்னும் முழுசாகப் பிடிபட்டிருக்காது. ஆகவே நாலு நாள் கழித்து "தாத்தா எப்ப வருவார்?" என்று மறுபடியும் கேட்பான். அதே பதிலை அதே மாதிரிச் சொல்லுங்கள். தான் செய்த ஏதோ ஒன்றால்தான் தாத்தா செத்தார் என்று ரகசியமாக நினைத்துக்கொண்டிருக்கவும் வாய்ப்புண்டு. "நீ செஞ்சது, சொன்னது, நெனச்சது எதுனாலயும் இல்ல" என்பதைக் கேட்காமலே சொல்லிவிடுங்கள். ஊருக்குப் போயிருப்பதாகச் சொன்னது சரியில்லை, உண்மையைச் சொல்லக் கஷ்டமாக இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அடுத்து வரும்: "நீயும் செத்துப் போவியா?" சாகவே மாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள். எல்லாரும் ஒரு நாள் சாவார்கள், நான் ரொம்ப நாள் இருப்பேன் என்று நினைக்கிறேன், எனக்கு ஏதாவது ஆனால் அப்பா பார்த்துக்கொள்வார், அப்பாவுக்கு முடியாவிட்டால் சித்தி. ஆள் பெயரைச் சொல்லுங்கள். அவன் கேட்பது சாவைப் பற்றி மட்டுமில்லை, அடுத்து தான் யார் வீட்டுக்கு என்பதைப் பற்றியும்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்திருக்கும். பரவாயில்லை. மாலை போட்ட படத்துக்கு முன்னால், தாத்தாவுக்குப் பிடித்த ஏதாவது ஒன்றை அவன் கையால் வைக்கச் சொல்லுங்கள். அடுத்த மாசியத்தில் படையல் போடும்போது அவனை அறைக்கு வெளியே அனுப்பாதீர்கள். எல்லாரும் அழுவதைப் பார்க்கட்டும், அழுத பிறகு எல்லாரும் சாப்பிடுவதையும் பார்க்கட்டும்.

குழந்தைகள் இல்லக் கண்காணிப்பாளர், வேலூர்: எங்கள் இல்லத்திலிருந்து ஒரு பிள்ளை தத்துப் போனால் ஒரு வாரத்துக்கு மற்ற பிள்ளைகளைச் சமாளிக்க முடியவில்லை. படுக்கை நனைக்கிறார்கள், அடித்துக்கொள்கிறார்கள். "என்னை ஏன் எடுக்கலை?" என்று ஒரு ஒன்பது வயதுப் பெண் கேட்டாள். என்ன சொல்வது?

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கே உங்களுக்கு நன்றி. போகிற பிள்ளைக்குப் பத்துப் பேர் யோசிக்கிறார்கள், இருக்கிற பிள்ளைகளுக்கு யாருமில்லை.

"நல்ல பிள்ளையா இருந்தா உனக்கும் அம்மா அப்பா வருவாங்க" என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. சமையல்காரம்மாவிடமும் சொல்லி வையுங்கள். அவர்தான் அதிகம் சொல்வார், பாவம், ஆறுதலுக்காகத்தான். அந்த வாக்கியத்தைத் திருப்பிப் போட்டால், இதுவரை யாரும் வராதது உன் தப்பு என்று ஆகிறது. உண்மை நடைமுறையை அவளுக்குப் புரிகிற மாதிரிச் சொல்லலாம். தத்தெடுக்க விரும்புகிறவர்கள் மத்திய தத்து ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்து வரிசையில் நிற்கிறார்கள். வரிசைப்படி அவர்களுக்குப் பிள்ளையின் விவரம் போகிறது. இங்கே வந்து நோட்டம் பார்த்து, அழகாக இருப்பவளைப் பொறுக்கிக்கொண்டு போவதில்லை. சில பிள்ளைகளுக்கு உறவு இருக்கிறது, அதனால் அவர்கள் அந்தப் பட்டியலிலேயே இல்லை. அவள் எந்த நிலையில் இருக்கிறாள் என்பது உங்கள் கோப்பில் இருக்கும். ஒன்பது வயதுக்கு எவ்வளவு சொல்லலாமோ அவ்வளவு அவளிடம் சொல்லுங்கள்.

போகிற நாளை மறைக்காதீர்கள். எல்லாரும் பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரமாகப் பார்த்துக் காரில் ஏற்றி அனுப்புகிற இல்லங்கள் உண்டு. சாயங்காலம் வந்து பார்த்தால் கட்டிலில் வேறு விரிப்பு. அப்படி வேண்டாம். முதல் நாளே சொல்லுங்கள், யார் யாருக்கு என்ன கொடுக்க வேண்டுமோ கொடுத்துக்கொள்ளட்டும். பென்சில் டப்பா, ரப்பர் பேண்ட், ஹேர் கிளிப் என்று பெரிய வியாபாரமே நடக்கும். கட்டிலைச் சில நாள் காலியாக விடுங்கள். குரூப் ஃபோட்டோ ஒன்று சுவரில் இருக்கட்டும், இல்லத்துக்கு உள்ளே மட்டும். படுக்கை நனைத்தால் விரிப்பை மாற்றுங்கள், அதைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

ஒரு தம்பதி, கோவை: எட்டு வயது மகள் வந்து ஐந்து மாதம் ஆகிறது. மையத்திலிருந்த ஆயாம்மாவிடம் பேச வேண்டும் என்கிறாள். பேசவிட்டால் எங்களோடு ஒட்ட மாட்டாளோ? பெயரையும் மாற்ற நினைத்திருக்கிறோம்.

பேசட்டும். ஆயாம்மாவை நேசிக்கத் தெரிந்த பிள்ளைக்குத்தான் உங்களையும் நேசிக்கத் தெரியும். மையத்தில் கேட்டு, ஒத்துக்கொண்டால் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு நீங்களும் இரண்டு வார்த்தை பேசுங்கள். அந்த அம்மா "உங்க அம்மா சொன்னபடி கேட்டுக்கோ சாமி" என்று ஒரு வரி சொன்னால், உங்கள் ஐந்து மாத உழைப்புக்கு அது ஈடு. பேசிய அன்று ராத்திரி அழுவாள். மறுபடியும் பேசவிடாதே என்பதற்கான அறிகுறி இல்லை அது.

பெயர்: எட்டு வருஷம் கூப்பிட்ட பெயரை எடுக்காதீர்கள். அவளோடு வந்த ஒரே சொத்து அது. ஜோசியர் எழுத்துச் சொன்னார் என்றால் அந்த எழுத்தில் ஒரு செல்லப் பெயர் வையுங்கள், அதுவும் அவளுக்குப் பிடித்தால்.

18 வயது, சேலம்: அடுத்த மாதம் ஹோமை விட்டு வெளியே வருகிறேன். நர்சிங் படிக்கப் போகிறேன். என்னோடு வருகிற அக்காக்கள் எல்லாரும் அழுகிறார்கள். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. நான் கல்நெஞ்சுக்காரியா ஆன்ட்டி?

இல்லை கண்ணு. சிலருக்கு அழுகை வாசலில் வரும், சிலருக்கு ஹாஸ்டலில் மூன்றாவது மாதம் ரசம் வாயில் வைக்கும்போது வரும், சிலருக்கு வராமலே போகும். யாருக்காகவும் அழுது காட்ட வேண்டாம்.

கிளம்புவதற்கு முன் கேட்டு வாங்க வேண்டியவை: ஆதார், மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ் எடுத்திருந்தால் அது, பேங்க் பாஸ்புக், தடுப்பூசி, மருத்துவ விவரங்கள், சின்ன வயது ஃபோட்டோக்கள். எல்லாவற்றையும் இரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்து, ஒரு செட்டை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வை. பதினெட்டோடு எல்லாம் முடிந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஆஃப்டர் கேர் என்கிற பின்பராமரிப்பு உதவி 21 வயது வரை உண்டு, விசேஷக் காரணம் இருந்தால் 23 வரை நீட்டிக்கலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரிடம் இப்போதே எழுத்து மூலம் கேள், வெளியே வந்த பிறகு அலைய முடியாது. தீபாவளிக்கு எங்கே போவாய் என்பதையும் இப்போதே பேசி வைத்துக்கொள். ஹாஸ்டலில் மெஸ் மூடிவிடுவார்கள்.